காதில் எதுவும் இல்லை

பூந்தமல்லி,
3 ஜூலை 2025, வியாழன்

அனஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் கடமை, சொல்லிவிட்டேன். நலம் விசாரிப்பது கடமை இல்லை.

இந்தக் கவரில் என் போன் இருக்கிறது. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் வேறு கடையில் கொடுத்திருப்பேன். பெரியம்மா மகன் ஐயப்பன்தாங்கல் டிப்போ எதிரே கடை வைத்திருக்கும்போது வெளி ஆளிடம் போவதா என்று அம்மா சொல்லிவிட்டார். தினமும் உங்கள் கடையைத் தாண்டித்தான் தையல் யூனிட்டுக்குப் போகிறார், அதனால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கோளாறு இதுதான். எதையும் செருகாமலே, “இணைக்கப்பட்ட துணைக்கருவியை இந்தச் சாதனம் ஏற்காது” என்று திரையில் வருகிறது. ‘சரி’யைத் தொட்டால் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது. அதோடு மேலே ஹெட்செட் படம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் படம் இருக்கும்வரை போனில் சத்தமே இல்லை. மணி அடிப்பதில்லை, பேசினால் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்பதில்லை. என்னிடம் ஹெட்செட் கிடையாது. எப்போதும் இருந்ததும் இல்லை.

முகப்பேரில் பிளவுஸ் கடை வைத்திருக்கும் மைதிலி அக்கா எனக்கு ஆரி எம்பிராய்டரி வேலை தருகிறார். ஆவணி மாதக் கல்யாணங்களுக்கு இப்போதே ஆர்டர் வந்துவிட்டது. அவர் டைப் செய்கிறவர் இல்லை, எதுவாக இருந்தாலும் கூப்பிட்டுத்தான் சொல்வார். செவ்வாய்க்கிழமை நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். போன் என் மடியிலேயே இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ப்ளூடூத்தை நிறுத்திப் பார்த்தேன். சார்ஜர் ஒயரை நான்கைந்து முறை செருகி எடுத்தேன், அப்போது ஒரு மணி நேரம் சரியாக இருந்தது. ஆகவே இவற்றை எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நேரில் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் உங்கள் கடையில் பதினோரு நாள் வேலைக்கு நின்றேன். கண்ணாடி ஒட்ட வந்த ஆளுக்கு நான் சொன்ன பதில் கேட்கவில்லை. உள்ளேயிருந்து நீங்கள் சத்தம் போட்டீர்கள்: “அது டிஸ்ப்ளே பீஸு சார், சவுண்டு வராது.” அவர் சிரித்தார், பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்தபோது கேட்ட அதே சிரிப்பு. அதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவளுக்கு உங்கள் கடையை விடுவது பெரிய காரியமாக இல்லை.

வீட்டில் உங்களை ‘நீ’ என்றுதான் சொல்வேன். இனி ‘நீங்கள்’ போதும், தூரமாக இருக்கும்.

கவரின் வாயை நூலால் தைத்திருக்கிறேன். பிரித்தால் தெரியும்.

ஷாகிதா

*

ஐயப்பன்தாங்கல்,
5 ஜூலை

சைலண்டு மேடத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். உன்னைப்போல் கோடு போட்ட தாள் வாங்கி வைத்துக் கடிதம் எழுத எனக்கு நேரம் இல்லை. உன் போனில் என் நம்பரை பிளாக் வேறு செய்து வைத்திருக்கிறாய். நல்ல மரியாதை.

கவரைத் திறக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. போனையும் கவரையும் நீ ஒன்றாகத் தைத்துவிட்டாயோ என்று நினைத்தேன்.

பிரச்சினை போர்டில். சார்ஜ் போடும் இடத்தில் இருக்கிற சின்ன போர்டு அடிபட்டிருக்கிறது. மாற்றிவிட்டேன். சின்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வாயில்லாப் பெண்ணுக்கு போனும் வாயில்லாமல் போய்விட்டதே என்று கடையில் எல்லோருக்கும் சிரிப்பு.

அணைத்துப் பார்த்தேன், செருகிப் பார்த்தேன் என்று பெரிய டெக்னீஷியன் மாதிரி எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் கிளாஸ் பாதியில் விட்டவர்கள் அவரவர் ஊசியைப் பார்த்தால் போதும். போனைக் கையாளத் தெரியவில்லை என்றால் வாங்கியிருக்கக் கூடாது.

சத்தம் வைத்துச் சோதித்துவிட்டேன். பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்டது.

அனஸ்

*

பூந்தமல்லி,
10 ஜூலை, வியாழன்

அனஸ் அண்ணனுக்கு,

உங்கள் புதிய போர்டு சரியாக நான்கு நாள் உழைத்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் அதே அறிவிப்பு, அதே ஹெட்செட் படம். பழைய போர்டாவது ஒன்றரை வருஷம் வாயைத் திறந்து பேசியது.

மைதிலி அக்கா நேற்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் அம்மாவின் போனுக்கு அடித்தார். மணப்பெண்ணின் கைப்பட்டையில் மயில் வேண்டாம், மாங்காய் போதும் என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். அதற்குள் நான் ஒரு மயிலை முடித்திருந்தேன். இரண்டு நாள் வேலை. பிரிக்கும்போது துணியில் துளை விழாமல் பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். இதை உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை. பிரித்ததை மறுபடி ஒழுங்காகச் சேர்ப்பது உங்கள் கடை வழக்கத்தில் இல்லை.

“உங்க பொண்ணு போனையே எடுக்க மாட்டேங்குதுங்க, நான் வேற ஆள பாத்துக்கட்டுமா?” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு முகமே சுருங்கிவிட்டது.

போனைத் திரும்ப அனுப்புகிறேன். இந்த முறை எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஷாகிதா

*

ஐயப்பன்தாங்கல்,
12 ஜூலை

ஷாகிதாவுக்கு,

பழைய பாகம் வேண்டுமாம். மீன் கடையில் செதிலைக் கேட்டு வாங்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். குப்பையில் போட்டாகிவிட்டது.

இது சாஃப்ட்வேர் கோளாறு. அப்டேட் சரியாக இறங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டேன். உன் போட்டோக்கள் போயிருக்கும். பூவும் மாங்காயும்தானே, கூகுளில் கொட்டிக் கிடக்கிறது.

இன்னொன்று. சின்னம்மா கடையில் நின்று என்னைக் கேட்டார்: “மேல ஒரு ஹெட்செட் பொம்ம வருதேடா, அது எப்போ வரும்?” ஹெட்செட் போட்டால் வரும் என்றேன். ஒயரே இல்லையே என்றார். இப்போதெல்லாம் ஒயர் இல்லாமல் காதுக்குள்ளே போட்டுக்கொள்கிற சின்னச் சின்ன பட்ஸ் வந்துவிட்டது சின்னம்மா, துப்பட்டாவுக்குள் இருந்தால் வெளியே தெரியாது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நீ பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாயா, எதைக் கேட்டுக்கொண்டிருந்தாயா, எனக்கு எப்படித் தெரியும்?

அனஸ்

*

பூந்தமல்லி,
17 ஜூலை, வியாழன்

அனஸுக்கு,

‘அண்ணன்’ என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. சலாமையும் அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்ன அழகை இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா யூனிட்டிலிருந்து வந்தார். நான் ஸ்டாண்டில் துணியைக் கட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். போன் மடியில். அம்மா குனிந்து திரையைப் பார்த்தார். ஹெட்செட் படம் இருந்தது. என் துப்பட்டாவை இழுத்தார். இரண்டு காதையும் விரலால் மடித்துப் பார்த்தார். கம்மல் அழுந்தி வலித்தது. காதில் ஒன்றும் இல்லை என்றதும் மடியை உதறச் சொன்னார். பிறகு தலையணை உறை, நூல் பெட்டி, அரிசி டப்பா. அரிசிக்குள் முழங்கை வரைக்கும் கைவிட்டுத் தேடினார்.

“எவன்கிட்டடி பேசிக்கினு கீற?” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதானே, அதை வைத்துக் கடையில் சிரித்தவர் நீங்கள். பதில் சொல்லாததை அம்மா ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். மைதிலி அக்காவின் போனை எடுக்காததற்கும் அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது: நான் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன்.

ஆம்பூரில் அத்தாவின் அக்கா இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். அந்த மாமி செருப்புக் கம்பெனியில் மேஸ்திரி. ஆகஸ்டு மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கொண்டுபோய் விடுவதாக முடிவாகிவிட்டது. அங்கே ஹாலில் முந்நூறு பேர் வரிசையில் உட்கார்ந்து தோல் தைப்பார்கள். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதுதான் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. என் ஸ்டாண்டைப் பக்கத்து வீட்டு பானுப்பிரியாவுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். இந்த ஸ்டாண்டு முன்னால் உட்கார்ந்தால்தான் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. எனக்கு வேறு இடம் கிடையாது.

நீங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: எதையும் செருகாமலும் அந்தப் படம் வரும் என்று. நான் எழுதிக் கொடுத்தால், இதையும் எவனோ எழுதிக் கொடுத்தான் என்பார். நீங்கள் சொன்னால் நம்புவார். உங்களை நம்பும் அளவுக்கு என்னை நம்பாதது அவருடைய குறை. அதை இப்போது சரிசெய்ய எனக்கு நேரம் இல்லை.

ஷாகிதா

*

ஐயப்பன்தாங்கல்,
19 ஜூலை

ஷாகிதா,

அம்மா-மகள் சண்டையில் என்னை இழுக்காதே. நான் போன் பார்க்கிறவன். போனைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இப்போது போய் மாற்றிச் சொன்னால், அப்போ நீ ரெண்டு வாட்டி இன்னாடா ரிப்பேர் பண்ண என்று சின்னம்மா கடை வாசலில் நின்று கேட்பார். அவர் குரல் உனக்குத் தெரியும். அந்தக் குரலில் உனக்குக் கால்வாசி வந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஒன்றும் இல்லாமலா வந்திருக்கும்? காதில் எதையாவது மாட்டியிருப்பாய், ஒப்புக்கொள்ள வெட்கம். எனக்கென்ன.

ஆம்பூர் மோசமான ஊர் இல்லை. பிரியாணி நன்றாக இருக்கும். முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்தால் உனக்கும் கொஞ்சம் பேச்சு வரும்.

அனஸ்

*

பூந்தமல்லி,
24 ஜூலை, வியாழன்

அனஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கடிதங்களில் கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். நான் படிக்காதவள். நீங்கள் எட்டு வருஷமாகக் கடை நடத்துகிறவர். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது.

போனை மறுபடியும் அனுப்புகிறேன். அதே கோளாறுதான். ஊருக்குப் போவதற்குள் ஒரு முறை நன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் நன்றாக இருக்கும். என்ன கோளாறு, எங்கே இருந்தது, எதை மாற்றினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். மைதிலி அக்காவிடம் காட்ட வேண்டும். உங்கள் கையெழுத்தும் தேதியும் இருந்தால் அவர் நம்புவார்.

பெரியம்மாவுக்கு என் சலாம்.

ஷாகிதா

*

ஐயப்பன்தாங்கல்,
26 ஜூலை

அன்புள்ள ஷாகிதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இப்போதுதான் நீ ஒழுங்கான பெண்ணாக எழுதியிருக்கிறாய். ஆரம்பத்திலேயே இப்படி இருந்திருந்தால் எனக்கும் மனசு வந்திருக்கும்.

கேட்டபடி விவரமாக எழுதுகிறேன், உன் மைதிலி அக்காவிடம் காட்டு. மற்றவர்களாக இருந்தால் துளைக்குள் தூசி என்று சொல்லி ஊதிக் கொடுத்துவிடுவார்கள். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் போடும் துளை சுத்தமாக இருந்தது, ஒரு துரும்பு கூட இல்லை. கோளாறு உள்ளே. பின்மூடியைக் கழற்றி, பெரிய போர்டை வெளியே எடுத்து, சார்ஜிங் ஐசி என்று ஒன்று இருக்கிறது, அதைச் சூடு காட்டி எடுத்துப் புதிதாக வைத்திருக்கிறேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து வானகரம் வரை இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு மணி நேர வேலை. இனிமேல் அந்த அறிவிப்பு வராது.

ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் வீட்டுக்கு வா. பெரியம்மா பிரியாணி போடுவார்.

இப்படிக்கு,
அ. அனஸ், உரிமையாளர்
(கையெழுத்து, தேதி போட்டாயிற்று)

*

பூந்தமல்லி,
28 ஜூலை, திங்கள்

அனஸுக்கு,

உங்கள் கையெழுத்துக்கு நன்றி. அதுதான் வேண்டியிருந்தது.

இப்போது நான் விவரமாக எழுதுகிறேன். ஆம்பூர் என்று முடிவான இரவிலிருந்து தினமும் நாட்காட்டித் தாளின் பின்னால் குறித்து வந்தேன்: இன்று என்ன தைத்தேன், போன் என்ன செய்தது. பட்டு நூல் மட்டும் ஓட்டிய நாட்களில் எந்த அறிவிப்பும் புதிதாக வரவில்லை. ஜர்தோசி வைத்த நாட்களில் வந்தது. ஜர்தோசி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தலைமுடி மாதிரி மெல்லிய உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். அதை எள் அளவுக்கு வெட்டி வெட்டி ஊசியில் கோத்துத் தைக்க வேண்டும். வெட்டும்போது தெறிக்கும். மடியில் விழும். மடியில் என்ன இருக்கிறது? போன் இருக்கிறது, துளை மேலே பார்த்தபடி. துண்டு உள்ளே விழுந்து கம்பியும் கம்பியும் தொட்டால், ஏதோ செருகியிருக்கிறார்கள் என்று போன் நினைத்துக்கொள்கிறது. ஹெட்செட் என்று நினைத்துச் சத்தத்தை அங்கே அனுப்பிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு தேவைப்படவில்லை.

அப்படியானால் உங்கள் கடைக்குப் போய்வந்ததும் நான்கு நாள் ஏன் சரியாக இருந்தது? நீங்கள் முதல் தடவையே துண்டுகளைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். எடுத்துவிட்டு போர்டு என்றீர்கள், சாஃப்ட்வேர் என்றீர்கள். ஆனால் எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் வியாழக்கிழமை அந்த மரியாதையான கடிதம்.

போனை அணைத்து, துளையைச் சுத்தம் செய்து, ரோஜா நிற ஜர்தோசித் துண்டு ஐந்தை நானே எண்ணி உள்ளே போட்டு அனுப்பினேன். அந்த நிறத்தை நான் எந்த வேலைக்கும் எடுத்ததில்லை. கவர் உங்கள் கையில் வந்தபோது தையல் பிரியாமல் இருந்தது. துளை ‘சுத்தமாக இருந்தது, ஒரு துரும்பு கூட இல்லை’ என்று உங்கள் கையெழுத்தோடு எழுதியிருக்கிறீர்கள். போன் திரும்பி வந்தபோது ஐந்தும் இல்லை.

இன்னொன்றும் செய்திருந்தேன். பின்மூடியும் ஓரமும் சேரும் இடத்தில், கல் ஒட்டும் பசையால் ஒற்றை இழைப் பட்டு நூலை மூன்று இடத்தில் ஒட்டியிருந்தேன். கறுப்பு மேல் கறுப்பு. மூடியைத் திறந்தால் அறுந்துவிடும். மூன்றும் அப்படியே இருக்கின்றன. பின்மூடியைத் திறக்காமல் பெரிய போர்டை வெளியே எடுத்த வித்தைக்காரர் வானகரம் வரைக்கும் நீங்கள் ஒருவர்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா? அதற்குப் பக்கத்திலேயே நான் ஒட்டிய நூல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஷாகிதா

*

ஐயப்பன்தாங்கல்,
30 ஜூலை

ஷாகிதா,

கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கிழிக்கத்தான் எடுத்தேன்.

சரி. முதல் தடவை துளையில் தங்க நிறத்தில் மூன்று துண்டு இருந்தது. அதற்கு முன்பே சின்னம்மா கவுண்டரில் நிற்கும்போது, பார்க்காமலே போர்டு என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் நின்றார்கள். பிறகு அது இல்லை, குப்பைதான் என்று எப்படிச் சொல்வது? ஊதி எடுக்கிற வேலைக்கா இவ்வளவு நேரம் என்பார்கள். உன்னோடு ஆரி வகுப்பில் இருக்கிற சிம்ரன், சித்ரா எல்லோருக்கும் இதே கோளாறுதான். எல்லோருக்கும் போர்டு என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தருக்கு மாற்றிச் சொன்னால் எல்லோரும் வருவார்கள்.

உன்னைப் பற்றி என்ன நினைத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். வாயில்லாத பெண், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

பட்ஸ் விஷயம் சின்னம்மாவிடம் வாய் தவறி வந்தது. அது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. ஆனால் நேரில் போய்ச் சொல்ல என்னால் முடியாது ஷாகிதா. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நீ ஆறு மாதம் ஆம்பூரில் இரு. நானே வந்து ஏதாவது சொல்லிக் கூட்டி வருகிறேன். புது போன் தருகிறேன், பெட்டி பிரிக்காதது. இதை நமக்குள் வைத்துக்கொள்.

அந்த ஐந்து துண்டை வைத்திருக்கிறேன். தூக்கிப் போடக் கை வரவில்லை.

அனஸ்

*

பூந்தமல்லி,
2 ஆகஸ்டு, சனி

அனஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெட்டி பிரிக்காத போன் வேண்டாம். அதற்கும் ஒரு துளை இருக்கும்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் உங்கள் வாக்குமூலத்தால் நான் நல்லவளாக வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னால் நான் கெட்டவள், நீங்களே சொன்னால் நல்லவள் என்றால், அடுத்த முறை நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்களோ என்று காத்திருக்க வேண்டும்.

நேற்று ஜும்ஆ முடிந்து அத்தா வண்டி எடுத்துப் போய்விட்டார். என் பை கட்டி வாசலில் இருந்தது. அம்மா யூனிட்டுக்குப் போகாமல், ஆம்பூருக்குக் கொண்டுபோக ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய போன் ஜன்னலில் இருந்தது, வட்டத் துளை உள்ள பழைய போன். நான் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல. அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ஒம் போன குடும்மா” என்றேன்.

என் குரல் இவ்வளவு பெரியதா என்று எனக்கே இருந்தது. அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் எடுத்துக்கொண்டேன். அவர் கண் முன்னாலேயே ஜர்தோசியை வெட்டி ஒரு துண்டை ஹெட்செட் துளையில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. ஒன்றும் இல்லை. “இன்னாடி பண்ற, பைத்தியமா?” என்றார். மூன்றாவதும் போயிற்று. நான்காவதைப் போட்டுப் போனை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஹெட்செட் படம் வந்தது.

திரையை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் கை தானாக மேலே போனது. துப்பட்டாவுக்குள் நுழைந்து தன் காதைத் தொட்டுப் பார்த்தார். மாவு காதில் ஒட்டியது.

“எவன்கிட்டம்மா பேசிக்கினு கீற?” என்று கேட்டேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசி டப்பாவைப் பார்த்தார். “அத்த எடுத்து உடு. ஒங்க மாமிக்கு போன் பண்ணணும், சத்தமே வராதே” என்றார்.

போனை அணைத்து, பல்குச்சி முனையில் நூலுக்குத் தடவும் மெழுகை வைத்துத் துண்டுகளை எடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. நீங்கள் இதற்குத்தான் நான்கு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். அம்மா மாமியைக் கூப்பிட்டு, இவள் வரவில்லை, ரொட்டியை மட்டும் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்றார். காரணம் கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ராத்திரி என் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, கம்மல் அழுந்திய இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

பிறகு, “அப்போ அந்த அனஸ் மூணு வாட்டி இன்னாத்த ரிப்பேர் பண்ணான்?” என்று அவரே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது என் வழக்கம்தானே. இந்த முறையும் அம்மா அதை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் உங்கள் கடைக்கு வருகிறார். சிம்ரன், சித்ரா, இன்னும் ஐந்து பேரும் வருகிறார்கள், அவரவர் போனோடு. நான் அழைக்கவில்லை, வகுப்பில் மெழுகு வைத்து எடுப்பதை மட்டும் காட்டினேன். அந்தக் குரலில் எனக்குக் கால்வாசி வந்திருந்தால் என்று எழுதியிருந்தீர்கள். முழுக் குரலும் உங்கள் வாசலுக்கே வருகிறது. நேரத்தை மட்டும் நான் சொன்னேன்: கடையில் நாலு பேர் நிற்கிற நேரம்.

மைதிலி அக்காவிடம் நானே பேசினேன். “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன். மாங்காய் வைத்த பிளவுஸ் புதன்கிழமை போகிறது. போனுக்கு பிளானல் துணியில் ஒரு உறை தைத்துவிட்டேன், வாய் மூடி, துளை கீழே பார்த்தபடி.

கடைசியாக ஒன்று. போனைச் சரிசெய்தால் யாராவது கூப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டும். நீங்கள்கூட டீக்கடை வரைக்கும் கேட்டது என்று எழுதியிருந்தீர்கள். யார் கூப்பிடுவார்கள் என்று யோசித்து, நேற்று ராத்திரி உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தேன். இன்று காலை ஏழு மணிக்கே கூப்பிட்டீர்கள். அம்மா உங்களைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை வருவதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு ஏழேகாலுக்கு. பிறகு எட்டு மணிக்கு இரண்டு முறை.

சத்தம் நன்றாக இருக்கிறது. நான்கு முறையும் கடைசி வரைக்கும் கேட்டேன். எடுக்கவில்லை.

ஷாகிதா